செல் பீஸ் கிடக்கிற மரமும் பொடியளின்ர கையும்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

புதுக்குடியிருப்புப் பக்கம் தச்சு வேலை செய்யிறன். இப்ப பொடியள் கிரைண்டரில பல்லு பிளேட்டைப் பூட்டி மரம் அரியிறாங்கள், அது இரும்பு வெட்டுற மிசின், மரத்தில பல்லு இறுகினா கையை விட்டுத் துள்ளி முகத்துக்குத்தான் வரும், எங்களோட வேலை செய்த பொடியன் ஒருத்தனுக்கு விரல் போச்சு. பலகை நேரா அரிய சேர்க்குலர் சோ, வளைவுக்கு ஜிக்சோ, மரம் தறிக்க செயின் சோ எண்டு தனித்தனியா இருக்குத்தானே. செயின் சோவிலயும் நுனியின்ர மேல்பக்கம் மரத்தில முட்டினா அப்பிடியே திருப்பி அடிக்கும்.

வன்னியில இன்னொண்டு, 2009 சண்டையில பட்ட செல் பீஸ், அதான் வெடிச்ச எறிகணையின்ர இரும்புத் துண்டு, இப்பவும் மரங்களுக்குள்ள கிடக்கு, செயின் அதில பட்டா பல்லு உடையும், அறுந்தும் பறக்கும். அரிய முதல் பட்டையில பழைய காயம், கறுப்புக் கறை இருக்கோ எண்டு பாருங்கோ. தொழில் பழக்கிற இடங்களில இதையும் சொல்லிக் குடுக்கோணும் ஐயா.

ஒரு தச்சுத் தொழிலாளி,
புதுக்குடியிருப்பு.