நேரலைத் தளத் திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நமது சங்க நிகழ்ச்சிகளை இணையத்தில் காட்டும் நேரலைத் தளத்தின் மாதச் செலவைக் கட்டுக்குள் கொண்டுவருமாறு பொதுக்குழு எங்களிடம் ஒப்படைத்த வேலை முடிந்தது. புதிதாக எதுவும் கட்டவில்லை. ஒழுகிய இடங்களை அடைத்திருக்கிறோம், அவ்வளவுதான். எங்கே ஒழுகியது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தால் மறுபடி ஒழுகாது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பொறுப்பேற்றபோது சர்வர் வாடகைதான் பெருஞ்செலவு என்று நினைத்திருந்தோம். பில்லை வரிவரியாகப் பிரித்ததும் அந்த நினைப்பு போயிற்று. வாடகை மாதாமாதம் ஒரே இடத்தில்தான் நின்றது. எகிறியதெல்லாம் வெளியே போகும் டேட்டாவுக்கான கட்டணம். 1080பி (முழு எச்டி) படத்தை 6 எம்பிபிஎஸ் (நொடிக்கு 6 மெகாபிட்) வேகத்தில் அனுப்பினால், ஒருவர் ஒரு மணி நேரம் பார்க்க 2.7 ஜிபி ஆகிறது. நூறு பேர் பார்த்தால் 270 ஜிபி. தொலைக்காட்சிக் கோபுரத்துக்குப் பத்துப் பேர் பார்த்தாலும் பத்தாயிரம் பேர் பார்த்தாலும் செலவு ஒன்றுதான். இணையத்தில் ஆளுக்கொரு பிரதி போயாக வேண்டும். கூட்டம் நிரம்பிய மாதங்களில் பொருளாளர் முகம் வாடியதற்குக் காரணம் இதுவே.

முதலில் கைவைத்தது படத்தின் தரத்தில். அதுவரை எல்லோருக்கும் 1080பி மட்டுமே போய்க்கொண்டிருந்தது. உள்ளங்கை அகலத் திரையில் பார்ப்பவருக்கும் அதேதான். இப்போது 2.5 எம்பிபிஎஸ்ஸில் 720பி, 1 எம்பிபிஎஸ்ஸில் 480பி, ஒலி மட்டும் என மூன்று வரிசை. 480பி பார்ப்பவருக்கு மணிக்கு 450 எம்பி போதும். 64 கேபிபிஎஸ் ஒலிக்கு 29 எம்பிகூட ஆகாது. உரைகளுக்கு ஒலி மட்டும் கேட்பவர்கள் நாங்கள் நினைத்ததைவிட அதிகம். ஸ்லைடில் பொடி எழுத்து வரும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் 1080பியை விட்டுவைத்திருக்கிறோம். ஒருவர் நாற்காலியில் அமர்ந்து பேசுவதற்கு அது தேவையில்லை என்பது எங்கள் முடிவு. குழுவிலேயே ஒருவர் இதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. வரும் படத்தைப் பல தரங்களுக்கு மாற்றும் டிரான்ஸ்கோடிங் வேலை பிராசசரைப் பிழிந்தெடுக்கும். ஆகவே சர்வரை ஒரு படி பெரிதாக்க வேண்டியிருந்தது. வாடகை கூடியிருப்பதைக் கணக்கில் பார்த்து யாரும் திடுக்கிட வேண்டாம். பத்துப் பேர் மட்டும் பார்க்கும் கூட்டங்களுக்கு டிரான்ஸ்கோடிங்கை அணைத்து, கேமரா படத்தைச் சர்வருக்கு அனுப்பும் மென்பொருளான ஓபிஎஸ்ஸிலிருந்தே 720பியில் அனுப்பி, வந்ததை வந்தபடியே விட்டுவிடுகிறோம்.

இனி அந்த இரவு. ஒரு நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கிளம்பிவிட்டோம். ஓபிஎஸ்ஸில் ஸ்டாப் பொத்தானை யாரும் அழுத்தவில்லை. மறுநாள் பதிவை ஓட்டிப் பார்த்தோம். காலி நாற்காலிகள். மேசைமேல் மூடி திறந்த தண்ணீர் பாட்டில். காவலர் வருகிறார், ஒரு நாற்காலியை நேராக்குகிறார், விளக்கை அணைக்கிறார். அதன்பின் விடியும்வரை இருட்டு. அந்த இருட்டையும் சர்வர் சிரத்தையாக மூன்று தரத்திலும் மாற்றி, ஸ்டோரேஜில் அடுக்கி வைத்திருந்தது. அதையும் இருவர் பார்த்துக்கொண்டிருந்ததாகக் கணக்கு சொல்கிறது. பிரவுசர் டேப்பை மூடாமல் தூங்கியவர்களாக இருக்க வேண்டும்.

இப்போது எஃப்எஃப்எம்பெக் என்ற ஒலி-ஒளி மென்பொருள் மூலம் ஒலியைக் கண்காணிக்கும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. தொடர்ந்து இருபது நிமிடம் சத்தமே இல்லையென்றால் நேரலை தானாக நின்றுவிடும். மௌன அஞ்சலி, தியானம் போன்ற நிகழ்ச்சி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது சிடிஎன், அதாவது படத்தின் பிரதியைப் பல ஊர்ச் சர்வர்களில் வைத்துப் பார்ப்பவருக்கு அருகிலிருந்து கொடுக்கும் சேவை. நாம் பயன்படுத்தும் எச்எல்எஸ் என்ற நேரலை முறையில் படம் சில நொடித் துண்டுகளாகப் போகிறது. துண்டு ஒருமுறை உருவானால் மாறாது, அதைச் சிடிஎன் தன்னிடமே வைத்துக்கொண்டு எல்லோருக்கும் கொடுக்கலாம். மாறிக்கொண்டே இருப்பது துண்டுகளின் பட்டியல் மட்டும். நம் அமைப்பில் பட்டியலுக்குப் போட வேண்டிய ‘சேமிக்காதே’ என்ற கட்டளையைத் துண்டுகளுக்கும் சேர்த்துப் போட்டிருந்தோம். சிடிஎன்னுக்கும் பணம் கட்டி, எல்லாச் சுமையையும் சர்வரிலேயே ஏற்றிக்கொண்டிருந்தோம். திருத்தியது இரண்டு வரி. கண்டுபிடிக்கத்தான் நாளானது.

பியர்டியூப் என்ற இலவச வீடியோ தள மென்பொருளுக்கு மாறினால் என்ன என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அதில் பார்ப்பவர்களே தங்களுக்குள் படத்தைப் பகிர்ந்துகொள்வதால் நம் டேட்டா குறையும் என்பது உண்மை. ஆனால் நம் செலவு பார்ப்பவர் தலையில் ஏறும்; ஒருவரின் ஐபி முகவரி மற்றவருக்குத் தெரியவும் வரும். அந்தப் பகிர்வை அணைத்துவிட்டால் மாறுவதில் நமக்கு மிச்சமும் இல்லை. வேண்டாம் என்று விட்டோம்.

பழைய பதிவுகளில் 720பி பிரதியை மட்டும் மலிவான ஸ்டோரேஜுக்கு மாற்றினோம். அங்கே வைத்திருப்பது மலிவு, திரும்ப எடுக்கத் தனிக் கட்டணம். அதனால் ‘சும்மா ஒருமுறை பார்க்கலாமே’ என்று கேட்க வேண்டாம். என்றோ நீக்கிய சர்வர்களின் டிஸ்க்குகள் யாரும் தொடாமலே பில்லில் இருந்தன, அவற்றையும் அழித்தாயிற்று. சர்வரை நீக்கினால் டிஸ்க்கும் கூடவே போய்விடும் என்று நம்பியிருந்தது எங்கள் தவறு.

செலவு வரம்பைத் தாண்டினால் மூவருக்கு மின்னஞ்சல் வரும். அது எச்சரிக்கை மட்டுமே, எதையும் நிறுத்தாது; டேட்டா கணக்கு சில மணி நேரம் தாமதமாகவும் ஏறலாம். பெரிய நிகழ்ச்சி நாட்களில் ஒருவர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

தானியங்கி வசனவரிகள் இந்தச் சுற்றில் முடியவில்லை. அடுத்த குழுவுக்கு விட்டுச்செல்கிறோம்.

தளத்தின் இணையப் பெயரான டொமைன் இதுவரை ஓர் உறுப்பினரின் சொந்தக் கார்டில்தான் புதுப்பிக்கப்பட்டு வந்தது. அவருக்குச் சேர வேண்டிய தொகையைக் கொடுத்து, கணக்கைச் சங்கத்தின் மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டோம். கடவுச்சொற்கள் செயலாளரிடமும் பொருளாளரிடமும் உள்ளன. ரசீதுகளின் கோப்பு பொருளாளரிடம் இருக்கிறது. எந்த உறுப்பினரும் கேட்டுப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
நேரலைத் தளத் திருப்பணிக் குழு