கைப்பிடிச்சுவரும் ஆராதனைதான்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழில் வந்த 'உழைப்பும் ஆராதனையே' கட்டுரை படித்தேன். நல்ல நோக்கத்தோடு தொடங்கிப் பாதி வழியில் நின்றுவிட்டது. வேலைக்கு நடுவே ஜெபிக்கலாம், பாட்டை முணுமுணுக்கலாம், மேஜைமேல் ஒரு வசனம் வைத்துக்கொள்ளலாம் என்பதோடு கட்டுரையாளர் முடித்துக்கொண்டார். இவையெல்லாம் வேலைக்குப் பக்கத்தில் நடக்கிற ஆராதனை. வேலையே ஆராதனை என்று சொன்னால், செய்த வேலை எப்படி இருக்கிறது என்ற கேள்வி வந்தே தீரும். வேதாகமம் அந்தக் கேள்விக்கு நழுவாமல் பதில் சொல்கிறது.

உபாகமம் 22:8ஐப் பாருங்கள். புது வீடு கட்டினால் மாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்ப வேண்டும். எவராவது விழுந்தால் அந்த இரத்தப்பழி வீட்டின்மேல் வரும். பலிகளையும் பண்டிகைகளையும் சொல்கிற அதே நியாயப்பிரமாணத்தில்தான், அதாவது மோசேயின் சட்டத்தில்தான், இந்தக் கட்டட விதியும் இருக்கிறது. இன்று இதைக் கைக்கொள்வது என்றால் சுவர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம் இருக்க வேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் அளவெடுக்கும் இடத்தில்: கான்கிரீட் தளத்திலிருந்து அளந்து கட்டிவிடுவார்கள், பிறகு அதன்மேல் சாய்வு கொடுத்து ஓடு பதிக்கும்போது தரை உயர்ந்து சுவர் அந்த அளவுக்குக் குட்டையாகிவிடும். பதித்து முடியும் தரையிலிருந்துதான் கணக்கிட வேண்டும். கம்பி வைத்தால் நெடுக்குக் கம்பியாக, இடைவெளி 10 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் வைக்க வேண்டும். குறுக்குக் கம்பி குழந்தைக்கு ஏணி. சுவரை ஒட்டித் தொட்டியோ திண்ணையோ வைத்தாலும் அதே கதைதான். இதையெல்லாம் பார்த்துச் செய்கிற கொத்தனார் வேலை நேரத்தில் ஒரு சங்கீதமும் சொல்லாமல் இருக்கலாம். அவர் அந்த வசனத்துக்குக் கீழ்ப்படிந்தவர்.

எடைக்கல்லும் அப்படியே. லேவியராகமம் 19:36 சரியான தராசைக் கேட்கிறது. உபாகமம் 25:13 பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு கல் வைத்திருப்பதையே தடுக்கிறது. இன்றைக்கு அந்த இரண்டாவது கல் மின்னணுத் தராசுக்குள் ஒளிந்திருக்கிறது. வெற்றுப் பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்காமல் நிறுத்தால் பாத்திரமும் பொருளின் விலைக்குப் போகும். தராசு மட்டமாக நிற்காவிட்டாலும், தட்டில் மின்விசிறிக் காற்று பட்டாலும் எண் மாறும். எடை தெரிந்த ஒரு கல்லை நடுவிலும் நான்கு மூலைகளிலும் வைத்துப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். இதைக் கடை திறக்கும்போது செய்வது இரண்டு நிமிட வேலை.

இயற்கையைப் பற்றிக் கட்டுரை சொன்னது இன்னும் குறைவு: மலையையும் கடலையும் பார்த்துத் துதியுங்கள், அவ்வளவே. சங்கீதம் 148 கனிமரங்களையும் கேதுருக்களையும் ஊரும் பிராணிகளையும் துதிக்க அழைக்கிறது, உண்மைதான். ஆனால் நியாயப்பிரமாணம் மரத்தைப் பார்த்து ரசிப்பதோடு நிற்கவில்லை. லேவியராகமம் 19:23-25இன்படி, நட்ட கனிமரத்தின் பழத்தை முதல் மூன்று ஆண்டுகள் சாப்பிடக் கூடாது. நான்காம் ஆண்டுக் கனி முழுவதும் கர்த்தருக்குத் துதியாகப் பரிசுத்தமானது. ஐந்தாம் ஆண்டு நீங்கள் சாப்பிடலாம். அப்போது உங்களுக்குப் பலன் பெருகும் என்றும் சொல்லப்பட்டிருக்கிறது.

தோட்டம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. முதிர்ந்த மரத்தின் கிளையை ஒட்டியது என்பதால், ஒட்டுக்கன்று பல நேரம் நட்ட முதல் ஆண்டிலேயே பூத்துவிடும். ஆசைப்பட்டுக் காய்க்க விட்டால் வேருக்கும் கிளைக்கும் போக வேண்டிய சத்து காய்க்குப் போகும். பென்சில் கனக் கிளை பாரத்தில் வளையும், ஒடியும். மரம் குட்டையாகவே நின்றுவிடும். பூங்கொத்து தலைகாட்டும்போதே கிள்ளிவிட வேண்டும். காய் பாதி பருத்தபின் பறித்தால் பெரிய பயனில்லை, சத்து அதற்குள் செலவாகியிருக்கும். கிள்ளும்போது பக்கத்து இலைகளைச் சேர்த்து உருவிவிடாமல் இருப்பது முக்கியம். தோட்டக்கலைக்காகவே கட்டளை வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வசனமும் அப்படிச் சொல்லவில்லை. கைக்கு எட்டுகிற பழத்தை விட்டுவைக்கிற பொறுமைக்கு ஆராதனை நாட்காட்டியில் ஒரு இடம் இருந்தது என்பதைத்தான் சொல்கிறேன். உபாகமம் 22:6-7 முட்டையை எடுக்கலாம், தாய்ப்பறவையை விட்டுவிட வேண்டும் என்கிறது. உபாகமம் 20:19 முற்றுகைப் போரில்கூடக் கனிமரத்தை வெட்டாதே என்கிறது.

நம் ஆலய வளாகங்களிலோ ஆராதனைக்கு முந்தின நாள் சருகைக் கூட்டிக் கொளுத்துகிறோம். அதே சருகோடு பசுந்தழையோ சாணமோ கலந்து, நீள அகல உயரம் ஒவ்வொரு மீட்டர் வருமாறு குவித்து, அழுத்தினால் ஓரிரு துளி நீர் கசிகிற ஈரத்தில் வைத்து, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் உரமாகிவிடும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்து காற்று போகவில்லை என்று பொருள்; காய்ந்த சருகைச் சேர்த்துக் கிளற வேண்டும். சருகை மட்டும் குவித்துவிட்டு மக்கவில்லை என்று குறைப்படுவதில் நியாயமில்லை.

கட்டுரையாளர் 16ஆம் நூற்றாண்டுச் சபைச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தரை இழுத்தது பற்றியும் ஒரு வார்த்தை. செருப்பில் சிலுவை பொறிப்பதைவிட நல்ல செருப்புத் தைப்பதே கிறிஸ்தவத் தொழிலாளியின் கடமை என்று அவர் சொன்னதாக எங்கும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவருடைய எழுத்துகளில் அப்படி ஒரு வாசகம் இல்லை. 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதியபோது அவர் சொன்னது வேறு: தகப்பன் விசுவாசத்தோடு குழந்தையின் துணியை அலசும்போது ஊரார் சிரிக்கலாம், ஆனால் தேவன் தம் தூதர்களோடு மகிழ்கிறார். மேற்கோள் வேண்டுமானால் இதை எடுத்துக்கொள்ளலாம்.

புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) 6ஆம் நூற்றாண்டில் தம் மடங்களுக்கு எழுதிய ஒழுங்கு இன்னும் கறாரானது. மடத்துப் பாத்திரங்களை எல்லாம் பீடத்தின் திருப்பாத்திரங்களைப் போலப் பார்க்க வேண்டும் என்கிறது 31ஆம் அதிகாரம். வாராவாரம் சமையற்கட்டு முறை மாறும்போது, முடிக்கிறவர் கைத்துண்டுகளைத் துவைத்து, பாத்திரங்களைச் சுத்தமாகவும் பழுதில்லாமலும் எண்ணி ஒப்படைக்க வேண்டும் (35ஆம் அதிகாரம்). பிறகு ஞாயிறன்று வருகிறவருக்கும் போகிறவருக்கும் ஜெபக்கூடத்தில் ஜெபம். தேய்க்காத சட்டியை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு ஜெபத்துக்குப் போய்விட முடியாது.

இதற்கு எல்லையும் உண்டு. இஸ்ரவேலர் வனாந்தரத்தில் ஆராதித்த ஆசரிப்புக் கூடாரத்தைச் செய்ய பெசலெயேல் என்ற கைவினைஞரைத் தேவ ஆவியால் நிரப்பியதாகச் சொல்கிற யாத்திராகமம் 31ஆம் அதிகாரம், அடுத்த பத்தியிலேயே ஓய்வுநாளைக் கட்டளையிடுகிறது. கூடாரவேலைகூட அன்று நிற்க வேண்டும். ஊழியம்தானே என்று சொல்லி ஆட்களை விடுமுறையின்றி வேலை வாங்கும் நிறுவனங்கள் முதல் பாதியை மட்டுமே படிக்கின்றன.

இந்தத் தலைப்பைத் தொடராக வெளியிட எண்ணம் இருந்தால், போதகர்களை விட்டுவிட்டுக் கொத்தனார், செவிலியர், கணக்கர், தோட்டக்காரர் ஆகியோரிடம் எழுத்தை வாங்குங்கள். தங்கள் தொழிலில் எங்கே கை வழுக்கும், அதை எப்படிப் பிடிப்பது என்று அவர்கள் சொல்லட்டும். கூலியைப் பொழுது சாய்வதற்குள் கொடுக்கச் சொல்கிற உபாகமம் 24:15ஐ முதல் இதழிலேயே எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கட்டுரையில் ஆலயத்தைப் பெருக்குகிறவருக்குச் சம்பளம் எந்தத் தேதியில் போய்ச் சேருகிறது என்பதும் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்