விரல் விட்டு எண்ணட்டும், விடு

அன்புள்ள வாலு,

நல்லா இருக்கியா, வீட்ல எல்லாரும் சௌக்கியமா, பாப்பாவுக்கு இருமல் நின்னுச்சா. நாலு மாசமா ஒரு வரி எழுதல, தப்புதான், திட்டணும்னா இதை முழுசா படிச்சிட்டு திட்டு. டீச்சர் டிரெய்னிங்ல காலைல பிராக்டிஸ் டீச்சிங், மத்தியானம் தியரி கிளாஸ், ராத்திரி லெசன் பிளான், ரெக்கார்ட், சார்ட் வெட்டி ஒட்டறது, இப்படியே ஓடுது. ஒல்லி என் மேல கோவமா இருக்கான்னு கேள்விப்பட்டேன், நீதான் கொஞ்சம் சமாதானம் பண்ணணும், அந்த குடை விஷயத்துக்கு அப்புறம் நான் என்ன சொன்னாலும் அவ நம்ப மாட்டா.

சரி, விஷயத்துக்கு வரேன். போன வாரம் நீ ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்புன இல்ல, 'பாப்பா ஒன்னாங்கிளாஸ் வந்தும் இன்னும் விரல் விட்டு எண்றா, கையை பின்னாடி கட்டிக்கிட்டு சொல்லுன்னு சொல்லிட்டேன், இப்ப பழகிட்டா'ன்னு. அதை நான் நாலு தடவை கேட்டேன்டி. உடனே போன் பண்ணலாம்னு எடுத்தேன், ஆனா போன்ல பேசினா நீ பேச்சை மாத்திடுவ, அதனாலதான் உக்காந்து எழுதறேன்.

மொதல்ல எனக்கு நடந்ததை சொல்றேன். எனக்கு குடுத்தது ஒன்னாங்கிளாஸ், 26 பசங்க. ஜன்னலோரமா ஒரு பையன் உக்காருவான், ரொம்ப அமைதி, கேள்வி கேட்டா தலையை குனிஞ்சுப்பான், கொஞ்ச நேரம் கழிச்சு மெதுவா பதில் சொல்லுவான், பதில் பெரும்பாலும் சரியாத்தான் இருக்கும். என் மொத அப்சர்வேஷன் அன்னிக்கு மென்டார் டீச்சர் கடைசி பெஞ்சுல நோட்டோட உக்காந்திருந்தாங்க. பாடம் பத்துக்குள்ள கூட்டல். கிளாஸ் ஒழுங்கா தெரியணுமேன்னு நான் எடுத்ததுமே 'எல்லாரும் கையை மேஜை மேல வைங்க, அசைக்கக் கூடாது'ன்னுட்டேன். 26 ஜோடி கையும் மேஜை மேல, பாக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. அந்தப் பையன்கிட்ட நாலும் மூணும் எத்தனைன்னு கேட்டேன், ஒன்பதுன்னான். அஞ்சும் ரெண்டும்? பத்துன்னான். சும்மா வாய்க்கு வந்ததை சொல்றான்னு தெரியுது, நான் 'நல்லா யோசிச்சு சொல்லு கண்ணா'ன்னு திரும்பத் திரும்ப கேக்கறேன், அவன் கண்ணு கலங்கிடுச்சு.

பாடம் முடிஞ்சதும் மென்டார் என்கிட்ட ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. "அவன் தினமும் எப்படி கணக்கு போடறான்னு என்னிக்காவது பாத்திருக்கியா?" நான் பாக்கல. மறுநாள் அவன் பக்கத்துல தரையில என்னை உக்கார வெச்சாங்க. அப்பதான் பாத்தேன், மேஜைக்கு அடியில, தொடை மேல, விரலை ஒன்னு ஒன்னா அழுத்தி எண்ணிக்கிட்டு இருந்தான். யாரோ எப்பவோ எண்ணக் கூடாதுன்னு சொல்லிருக்காங்க, அதனால ஒளிச்சு வெச்சு எண்றான். நான் ஒழுங்குங்கற பேர்ல அந்தக் கையையும் பிடுங்கிட்டேன். அன்னிக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

அதுக்கப்புறம்தான் தியரி கிளாஸ்ல சொன்னதெல்லாம் உண்மையாவே மண்டையில ஏற ஆரம்பிச்சுது. எண்றதுன்னா ஒன்னு ரெண்டு மூணு ஒப்பிக்கறதுதானேன்னு நெனச்சிருந்தேன். இல்லவே இல்லடி. கெல்மன், கேலிஸ்டல்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 1978லயே இதைப் பிரிச்சுப் பிரிச்சு எழுதிட்டாங்க, ஒரு பொருளுக்கு ஒரு எண்தான் சொல்லணும், எண்ணோட வரிசை மாறக் கூடாது, கடைசியா சொன்ன எண்தான் மொத்தம், எதை வேணா எண்ணலாம், எந்தப் பக்கத்துலேர்ந்து வேணா எண்ணலாம். இந்த அஞ்சும் குழந்தைக்கு பிடிபடணும். அந்த 'கடைசி எண்தான் மொத்தம்'ங்கறது இருக்கே, அதை நீயே சோதிச்சுப் பாக்கலாம், சின்னக் குழந்தைகிட்ட ஏழு பாசிமணியை வெச்சு எண்ணச் சொன்னா ஏழு வரைக்கும் அழகா எண்ணும், உடனே 'அப்ப மொத்தம் எத்தனை'ன்னு கேளு, திரும்ப ஒன்னுலேர்ந்து ஆரம்பிக்கும்! ஏன்னா அதுக்கு ஏழுங்கறது கடைசி மணியோட பேரு, அவ்ளோதான். குழந்தைங்க எப்படி யோசிக்கறாங்கன்னு ஆராய்ஞ்ச பியாஜே சொன்னதும் அப்படித்தான், ரெண்டு வரிசையில சமமா காசு அடுக்கி ஒரு வரிசையை மட்டும் அகலமா இழுத்து வெச்சா, நாலஞ்சு வயசுக் குழந்தைங்க நிறைய பேர் நீளமா இருக்கறதுலதான் அதிகம்னு சொல்லுவாங்க. நான் காசுக்கு பதிலா பட்டனை வெச்சு கேட்டேன், ஒரு பொண்ணு எவ்ளோ உறுதியா சொன்னா தெரியுமா, ஒரு நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு.

இதுல நம்ம பாஷை வேற. எட்டு எண்பது ஆகுது, ஆனா ஒன்பது போய் தொண்ணூறு ஆகுது, அதுல நூறோட சத்தம் வேற கேக்குது. எண்பத்தொன்பதுக்கு அப்புறம் என் கிளாஸ்ல பாதி பேர் நின்னுடுவாங்க, ஒருத்தன் நேரா நூறுன்னுட்டு உக்காந்துட்டான். அவன்மேல என்னடி தப்பு, காதுல கேட்டதைத்தானே சொன்னான்.

இப்ப விரலுக்கு வரேன், நல்லா கவனி. அஞ்சும் மூணும்னா குழந்தை மொதல்ல அஞ்சு விரல் எண்ணும், அப்புறம் மூணு எண்ணும், அப்புறம் எல்லாத்தையும் ஒன்னுலேர்ந்து எட்டு வரைக்கும் மறுபடி எண்ணும். பாக்கறவங்களுக்கு பொறுமை போயிடும், ஆனா அது மொத படி. கொஞ்ச நாள் கழிச்சு அஞ்சை எண்ணாம மனசுல வெச்சுக்கிட்டு ஆறு, ஏழு, எட்டுன்னு மேல எண்ணும். அதுக்கும் மேல போனா ரெண்டும் ஏழும்னு கேட்டா தானா ஏழுலேர்ந்து ஆரம்பிச்சு எட்டு ஒன்பதுன்னு முடிச்சிடும், யாரும் சொல்லித் தராமயே திருப்பிப் போட்டுக்கும். அப்புறம் அஞ்சும் அஞ்சும் பத்து, அப்ப அஞ்சும் ஆறும் பதினொன்னுன்னு விரலே இல்லாம வரும். விரல் தானா உதிரும்டி. அதுவரைக்கும் அது ஏணி. அதுவும் எப்பேர்ப்பட்ட ஏணி, ஒரு கை அஞ்சு, ரெண்டு கை பத்து, ஏழுன்னா ஒரு கையும் ரெண்டு விரலும், எண்ணாமலே பாத்ததும் தெரியும். நாம பத்து பத்தா எண்றதே நமக்குப் பத்து விரல் இருக்கறதாலதானே. ஏணியை நடுவுல எடுத்துட்டா குழந்தை மேல ஏறாது, ஊகிக்கும் இல்ல ஒப்பிக்கும். பாப்பா 'பழகிட்டா'ன்னு சொன்ன பாரு, எதுக்குப் பழகிருக்கான்னு ஒரு தடவை பாரு.

கோச்சுக்காத, உன்னை குத்தம் சொல்ல இதை எழுதல. நீ ஏன் அப்படி சொன்னன்னு எனக்குத் தெரியும். நமக்கு ஒன்னாங்கிளாஸ் எடுத்தவங்க உன் விரல் முட்டியில ஸ்கேலால அடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு, எண்ணினதுக்குத்தான் அடிச்சாங்க. நான் உன் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். வீட்ல மனப்பாடம் பண்ணிட்டு வந்ததை நான் பட்டுனு சொன்னேன், எனக்கு கைதட்டச் சொன்னாங்க, நீயும் தட்டுன, அந்த சிவந்த கையாலயே தட்டுன. அதுக்கப்புறம் இத்தனை வருஷமா எங்க கணக்கு பாக்கணும்னாலும் சீட்டை என் பக்கம் தள்ளிடுவ, எனக்கு கணக்கு வராதுன்னு சிரிப்ப. நானும் ஒல்லியும் அதை வெச்சு எவ்ளோ கிண்டல் பண்ணிருக்கோம். மேஜைக்கு அடியில அந்தப் பையன் கையைப் பாத்தப்போ எனக்கு உன் கைதான் ஞாபகம் வந்துச்சு. உனக்கு கணக்கு வராம இல்ல வாலு. வந்துக்கிட்டு இருந்துச்சு, நடுவுல நிறுத்திட்டாங்க. அந்தக் கிண்டலுக்கெல்லாம் என்னை மன்னிச்சிடு, சீரியஸாத்தான் கேக்கறேன்.

வர 18ஆம் தேதி எனக்கு கடைசி அப்சர்வேஷன், சர்டிஃபிகேட்டுக்கு இதோட மார்க்தான் முக்கியம், வயித்துல புளியைக் கரைக்குது. மேல எண்றதைத்தான் பாடமா எடுத்திருக்கேன். ஒரு டப்பாவுல ஆறு மணியைப் போட்டு மூடிடுவேன், மூடி மேல 6னு எழுதிடுவேன், வெளியில ரெண்டு மணி வைப்பேன். உள்ள இருக்கறதை எண்ண முடியாது இல்ல, அப்ப ஆறை மனசுல பிடிச்சுக்கிட்டு ஏழு, எட்டுன்னு போயாகணும். நேத்து ஒத்திகை மாதிரி செஞ்சு பாத்தோம். பாதி பேருக்கு வந்துடுச்சு. ஜன்னலோரப் பையன் மூடியைத் திறந்து உள்ள இருக்கறதை ஒன்னுலேர்ந்து எண்ணிட்டான். நான் தடுக்கல. ஆனா கை மேஜை மேல இருந்துச்சு, எல்லாருக்கும் தெரியற மாதிரி எண்ணினான். மென்டார் பாத்துட்டு ஒன்னும் சொல்லல, நோட்டுல ஏதோ எழுதிக்கிட்டாங்க.

உனக்கு ஒரு வேலை குடுக்கறேன். ரெண்டு தாயக்கட்டை, புள்ளி வெச்சது, உருட்டி பாப்பாகிட்ட மொத்தம் எத்தனைன்னு கேளு. கை எங்க வேணா இருக்கட்டும். சரி தப்புன்னு எதுவும் சொல்லாத, 'எப்படி கண்டுபிடிச்ச'ன்னு மட்டும் கேளு, கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு காத்திரு, உனக்கு அதுதான் கஷ்டம்னு தெரியும். அவ சொல்றதை ரெக்கார்ட் பண்ணி 18க்கு முன்னாடி எனக்கு அனுப்பு. அவ உருட்டி முடிச்சதும் நீயும் ஒரு தடவை உருட்டு, அவ பக்கத்துல உக்காந்து விரல் விட்டு எண்ணு.

ஒல்லிகிட்ட மறக்காம பேசு.

உன்
ஊசி