டாம்கேட்டுக்கு முன்னால் அப்பாச்சி: பழைய இணைப்பு முறை இன்று ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே கணினியில் அப்பாச்சி வெப் சர்வரையும் ஜாவா செயலிகளை ஓட்டும் டாம்கேட் அப்ளிகேஷன் சர்வரையும் சேர்த்து நிறுவும் முறையைத் தங்கள் கணினிப் பக்கத்தில் படித்தோம். நிறுவும் பகுதியில் குறையில்லை. இரண்டையும் இணைப்பதற்குச் சொல்லியிருக்கும் முறைதான் பழையது. டாம்கேட்டின் 8009 போர்ட்டைத் திறந்து மாட் ஜேகே என்ற இணைப்பு மாட்யூல் வழியாக இணைக்கவும், அப்பாச்சியின் டாகுமென்ட் ரூட்டை (கோப்புகளை எடுத்துத் தரும் அடைவை) டாம்கேட்டில் செயலிகள் இருக்கும் வெப்ஆப்ஸ் அடைவுக்குத் திருப்பவும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. முதலாவது இன்றைய பதிப்புகளில் பெரும்பாலும் வேலையே செய்யாது. இரண்டாவது வேலை செய்யும், அதுதான் ஆபத்து.

8009-இல் அப்பாச்சியும் டாம்கேட்டும் பேசிக்கொள்வது ஏஜேபி என்ற நெறிமுறையில். அந்த வழியாக வருவதை எல்லாம் டாம்கேட் நம்பிக்கையான கோரிக்கையாகவே எடுத்துக்கொள்ளும். 2020 பிப்ரவரியில் கோஸ்ட்கேட் என்ற ஓட்டை வெளியானபோது (சிவிஇ-2020-1938) இந்த நம்பிக்கைதான் காலை வாரியது. போர்ட்டை எட்ட முடிந்த எவரும் செயலியின் உள்கோப்புகளைப் படிக்க முடிந்தது. கோப்பு ஏற்றும் வசதியுள்ள செயலி என்றால் சர்வரில் தன் நிரலையே ஓட்டவும் முடிந்தது. 9.0.31, 8.5.51, 7.0.100 பதிப்புகளில் இதை அடைத்தார்கள். அதிலிருந்து டாம்கேட்டின் அமைப்புக் கோப்பான சர்வர்.எக்ஸ்எம்எல்லில் ஏஜேபி கனெக்டர் (அந்தப் போர்ட்டைத் திறக்கும் பகுதி) குறிப்புக்குள், அதாவது டாம்கேட் படிக்காத கமென்ட்டாக, மூடப்பட்டே வருகிறது. குறிப்பை எடுத்துவிட்டாலும் இரகசியச் சொல் கொடுக்காமல் அது கிளம்பாது; 'சீக்ரெட் ரிக்வயர்டு' என்பது 'ட்ரூ'வாக இருக்க 'சீக்ரெட்' காலியாக உள்ளது என்று லாகில் எழுதிவிட்டு நின்றுவிடும். கட்டுரையைப் பின்பற்றியவர்கள் மாட்டுவது இங்கேதான். இணையத்தில் தேடினால் 'சீக்ரெட் ரிக்வயர்டு' என்பதை 'ஃபால்ஸ்' ஆக்கிவிடு என்று பத்துப் பேர் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள்.

ஒரே கணினியில் இரண்டும் இருக்கும்போது ஏஜேபிக்குத் தேவையே இல்லை. வந்த கோரிக்கையை டாம்கேட்டுக்குக் கடத்த, அப்பாச்சியுடனேயே வரும் மாட் பிராக்ஸி, மாட் பிராக்ஸி எச்டிடிபி என்ற இரண்டு மாட்யூல்கள் போதும். மாட் ஜேகேயைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டாம், அதற்கான வொர்க்கர்ஸ் கோப்பு எழுதவும் வேண்டாம்.

முதலில் டாம்கேட்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். டாம்கேட் 9-க்கு ஜாவா 8, 10.1-க்கு ஜாவா 11, 11-க்கு ஜாவா 17, இவை குறைந்தபட்சம். 'ஜாவா ஹோம்' மாறி ஜாவா நிறுவியிருக்கும் தாய் அடைவைக் காட்ட வேண்டும், அதற்குள் இருக்கும் பின் அடைவை அல்ல. டாம்கேட் 10 முதல் ஜாவாஎக்ஸ் என்று தொடங்கிய, ஜாவா வெப் நிரல்களுக்கான சர்வ்லெட் தொகுப்புகளின் பெயர் ஜகார்த்தா என்று மாறிவிட்டது. பழைய வார் கோப்பை (செயலியின் பொதியை) அப்படியே அதில் போட்டால் சில நேரம் 'கிளாஸ் கிடைக்கவில்லை' என்று பிழை வரும், சில நேரம் பிழை எதுவும் இல்லாமல் எல்லாப் பக்கமும் 404 காட்டும். இந்த இரண்டாவது வகை அப்பாச்சி கோளாறு போலவே தோற்றமளிப்பதால் மணிக்கணக்கில் தப்பான இடத்தில் தேட வைக்கும். பழைய செயலி என்றால் டாம்கேட் 9-ஐ வைத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் 10-இல் வெப்ஆப்ஸுக்குப் பக்கத்தில் 'வெப்ஆப்ஸ்-ஜாவாஇஇ' என்று ஓர் அடைவு உருவாக்கி அதில் போடுங்கள். டாம்கேட்டே மாற்றி எடுத்துக்கொள்ளும்.

பிரவுசரில் 127.0.0.1:8080 திறந்து செயலி முழுதாக ஓடிய பிறகுதான் அப்பாச்சி பக்கம் போக வேண்டும். அதற்கு முன் ஒரு வேலை பாக்கி. சர்வர்.எக்ஸ்எம்எல்லில் 8080 கனெக்டருக்கு 'அட்ரஸ்' என்ற பண்பைச் சேர்த்து 127.0.0.1 என்று கொடுத்து டாம்கேட்டை மறுபடி தொடங்குங்கள். இனி வேறு கணினியிலிருந்து 8080 திறக்காது, திறக்கவும் கூடாது. இதைச் செய்யாவிட்டால் அப்பாச்சியில் எத்தனை காவல் போட்டாலும் 8080 வழியாக அதைச் சுற்றிக்கொண்டு வரலாம். 80 போர்ட்டிலேயே டாம்கேட்டை ஓட்டிவிடலாம் என்று சிலர் அதை ரூட் பயனராக ஓட்டுகிறார்கள். லினக்ஸில் 1024-க்குக் கீழுள்ள போர்ட்டுகளுக்குச் சிறப்பு உரிமை வேண்டும் என்பதால் வரும் குறுக்குவழி அது. செயலியில் ஓர் ஓட்டை இருந்தால் இயந்திரம் முழுவதும் போய்விடும்.

அப்பாச்சி கிளம்ப மறுத்தால் பெரும்பாலும் 80 போர்ட்டை வேறு யாரோ பிடித்திருப்பார்கள். விண்டோஸில் 'நெட்ஸ்டாட் -ஏஎன்ஓ' கொடுத்துப் பாருங்கள். செயல்முறை எண் 4 என்று வந்தால் பிடித்திருப்பது விண்டோஸின் சொந்த எச்டிடிபி சேவை. அதன் பின்னால் இருப்பது வழக்கமாக ஐஐஎஸ் என்ற விண்டோஸ் வெப் சர்வர்தான். லினக்ஸில் 'எஸ்எஸ் -எல்டிஎன்பி' அதே விவரத்தைத் தரும்.

டெபியன், உபுண்டு வகைகளில் 'ஏ2என்மாட்' கட்டளையால் பிராக்ஸி, பிராக்ஸி எச்டிடிபி, ஹெடர்ஸ் மூன்றையும் இயக்குங்கள். பிராக்ஸியை மட்டும் இயக்கிவிட்டுப் பிராக்ஸி எச்டிடிபியை மறப்பவர்கள் அதிகம். பிழை லாகில் இந்த முகவரிக்கு ஏற்ற 'புரோட்டோகால் ஹேண்ட்லர்' இல்லை என்று வந்தால் காரணம் அதுவே. 'பிராக்ஸி ரிக்வெஸ்ட்ஸ்' ஆஃப் ஆகவே இருக்கட்டும். ஆன் செய்தால் ஊரார் எல்லாரும் உங்கள் சர்வர் வழியாக வேறெங்கோ போக முடியும். செயலிக்கு முன்னால் நிற்பதற்கு அது தேவையும் இல்லை.

இனி அப்பாச்சியின் விர்ச்சுவல் ஹோஸ்டுக்குள் (ஒரு தளத்துக்கான அமைப்புப் பகுதிக்குள்) எழுத வேண்டிய வரிகள். செயலியின் பெயர் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். 'பிராக்ஸிபாஸ்' வரியில் முதலில் /கணக்கு/ என்றும் அடுத்து 127.0.0.1:8080/கணக்கு/ என்ற முழு எச்டிடிபி முகவரியும் வரும். கடைசிச் சாய்கோடு இரண்டிலும் இருக்க வேண்டும், இல்லையென்றால் இரண்டிலுமே இருக்கக் கூடாது. அப்பாச்சி முதல் பகுதியை வெட்டிவிட்டு அந்த இடத்தில் இரண்டாம் பகுதியை ஒட்டுகிறது, அவ்வளவுதான். முதலாவதில் மட்டும் சாய்கோடு இருந்தால் /கணக்கு/நுழைவு என்பது டாம்கேட்டுக்கு /கணக்குநுழைவு என்று போய்ச் சேரும். இரண்டாவதில் மட்டும் இருந்தால் நடுவில் இரட்டைச் சாய்கோடு விழும். முகவரியில் லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதாமல் 127.0.0.1 என்றே எழுதுங்கள். சில கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் முதலில் ஐபிவி6 முகவரிக்குப் போகும், நாம் டாம்கேட்டைக் கட்டிவைத்ததோ ஐபிவி4-இல்.

அதே இரண்டு பகுதிகளோடு 'பிராக்ஸிபாஸ் ரிவர்ஸ்' வரியும் வேண்டும். டாம்கேட் வேறு பக்கத்துக்குத் திருப்பி அனுப்பும்போது பதிலின் தலைப்பில் (ஹெடரில்) தன் 8080 முகவரியைப் போட்டுவிட்டால் அதைத் திருத்துவது இந்த வரி. பக்கத்தின் உள்ளே முழு முகவரியோடு எழுதப்பட்ட இணைப்புகளை இது தொடாது. அவற்றைச் செயலியில்தான் சரிசெய்ய வேண்டும்.

வெளியே தெரியும் பாதையும் டாம்கேட்டில் உள்ள பாதையும் ஒன்றாகவே இருக்கட்டும். வெளியே வெறும் / போதும், உள்ளே /கணக்கு/ இருக்கட்டும் என்று ஆசைப்பட்டால் குக்கி இடிக்கும். நுழைந்த பயனரை அடையாளம் காணும் செஷன் குக்கி /கணக்கு என்ற பாதைக்கென்று வழங்கப்படுகிறது. பிரவுசர் இருப்பதோ / என்ற பாதையில். ஆகவே அந்தக் குக்கியைத் திருப்பி அனுப்பாது. பயனர் சரியான கடவுச்சொல்லைக் கொடுத்தும் மறுபடி நுழைவுப் பக்கத்திலேயே வந்து நிற்பார். 'பிராக்ஸிபாஸ் ரிவர்ஸ் குக்கிபாத்' வரியால் சமாளிக்கலாம். செயலியை ரூட்.வார் என்ற பெயரில் வைத்துவிடுவது அதைவிட எளிது.

எச்டிடிபிஎஸ் அப்பாச்சியோடு முடிந்துவிடுவதால், வந்தது பாதுகாப்பான இணைப்பு என்று டாம்கேட்டுக்குத் தெரியாது. திருப்பி அனுப்பும்போது வெறும் எச்டிடிபி முகவரியைத் தரும். 'ரிக்வெஸ்ட் ஹெடர்' வரியால் எக்ஸ்-ஃபார்வேர்டட்-புரோட்டோ தலைப்பில் எச்டிடிபிஎஸ் என்று அனுப்புங்கள். டாம்கேட்டில் 'ரிமோட் ஐபி வால்வ்' என்ற வடிகட்டியைச் சேர்த்து, எந்தத் தலைப்பைப் பார்க்க வேண்டும் என்று அதில் குறிப்பிடுங்கள். பயனரின் உண்மையான ஐபி முகவரியும் இதனால் செயலிக்குக் கிடைக்கும். அக்செஸ் லாகில் அதன் பிறகும் 127.0.0.1 மட்டுமே தெரிந்தால், லாக் வால்வில் 'ரிக்வெஸ்ட் ஆட்ரிபியூட்ஸ் எனேபிள்ட்' என்பதை ட்ரூ ஆக்க வேண்டும்.

படம், ஸ்டைல் கோப்புகளை அப்பாச்சியே நேரடியாகத் தரட்டும் என்றால் அவற்றுக்குத் தனி அடைவு ஒன்றை வெளியே வைத்து 'அலியாஸ்' கொடுங்கள். அந்தப் பாதைக்கு ஆச்சரியக்குறி போட்ட பிராக்ஸிபாஸ் வரி, பொதுவான பிராக்ஸிபாஸ் வரிக்கு மேலே இருக்க வேண்டும். கீழே இருந்தால் அதற்கு முறை வராது. அடைவுக்கு 'ரிக்வயர் ஆல் கிராண்டட்' இல்லாவிட்டால் 403 வரும். பழைய 'ஆர்டர் அலவ்' வரிகள் அப்பாச்சி 2.2 காலத்தவை. கட்டுரை சொன்னதுபோல டாகுமென்ட் ரூட்டை வெப்ஆப்ஸுக்கே திருப்பினால் நடப்பது வேறு. செயலியின் உள்கோப்புகள் இருக்கும் வெப்-இன்ஃப் அடைவை வெளியே காட்டக் கூடாது என்பது டாம்கேட்டுக்குத் தெரியும். அப்பாச்சிக்கு அதுவும் இன்னோர் அடைவுதான். தரவுத்தளக் கடவுச்சொல் இருக்கும் கோப்பை யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்துவிடும்.

திருத்தியபின் 'அப்பாச்சிசிடிஎல் கான்ஃபிக்டெஸ்ட்' ஓட்டிவிட்டு ரீலோட் செய்யுங்கள். 503 வந்தால் டாம்கேட் எழவில்லை என்று பொருள். எழுந்த பிறகும் சிறிது நேரம் 503 தொடர்வதுண்டு. ஒருமுறை தோற்ற பின்தளத்தை அப்பாச்சி 60 விநாடி ஒதுக்கி வைக்கிறது. சோதனைக் கணினியில் பிராக்ஸிபாஸ் வரியின் இறுதியில் 'ரீட்ரை=0' சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபெடோரா வகை லினக்ஸில் டாம்கேட் ஓடிக்கொண்டிருந்தும் 503 வந்து, லாகில் 13 என்ற எண்ணோடு அனுமதி மறுப்பு தெரிந்தால் தடுப்பது எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அடுக்கு. அதை மொத்தமாக அணைக்க வேண்டியதில்லை. 'எச்டிடிபிடி கேன் நெட்வொர்க் கனெக்ட்' என்ற பூலியனை (ஆன்/ஆஃப் அமைப்பை) மட்டும் 1 ஆக்கினால் போதும்.

கட்டுரையைப் பார்த்து ஏற்கெனவே அமைத்துவிட்ட வாசகர்கள் இருப்பார்கள். அவர்கள் இன்றே 'எஸ்எஸ்' அல்லது 'நெட்ஸ்டாட்' கொடுத்து, 8009-க்கு எதிரே 0.0.0.0 என்றோ வெறும் நட்சத்திரக்குறியோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் அந்தக் கனெக்டரை மறுபடி குறிப்புக்குள் மூட வேண்டும். டாகுமென்ட் ரூட்டைத் திருப்பியவர்கள் அதை மாற்றுவதோடு நிற்காமல் தரவுத்தளக் கடவுச்சொல்லையும் மாற்றிவிடுவது நல்லது. இந்த இரண்டு திருத்தங்களையாவது அடுத்த இதழின் கணினிப் பக்கத்தில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புப் பணியில் உள்ள வாசகர்கள் இருவர்