கூரையும் குசினியும்

கல்லடி, மட்டக்களப்பு
ஆனி மாதம்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிவிட்டது. முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏறுகிறாய் என்று வாசித்ததும் மனம் நிறைந்தது. என் பக்கத்துச் செய்தி: சின்னவளுக்குக் கலியாணம் ஒழுங்காகியிருக்கிறது. தை மாதம். மாப்பிள்ளை அக்கரைப்பற்றுப் பக்கம், நல்ல பிள்ளை, அதிகம் பேசமாட்டார். நம் ஊர் வழக்கம் உனக்குத் தெரியும், வீடு பெண்பிள்ளைக்கு. அப்பா எனக்குச் சீதனமாக எழுதித் தந்த இந்த வீட்டை நான் இப்போது அவளுக்கு எழுதப்போகிறேன். நாங்கள் இருவரும் பின்னறைக்கு மாறுகிறோம். கொடுக்கிற வீட்டைத் திருத்திக் கொடுக்க வேண்டாமா? அதற்காகத்தான் ஒரு வாரமாக அளவு நாடாவும் கையுமாகத் திரிகிறேன்.

இத்தனை வருடம் கொழும்பில் வீட்டுப் படம் கீறியவள் நீ. அதனால் இந்தக் கடிதத்தில் பாதி உன்னிடம் புத்தி கேட்டுத்தான்.

மகள் தொலைபேசியில் ஒரு படம் காட்டினாள். பெட்டி போன்ற முகப்பு. கூரையே வெளியில் தெரியாதபடி முன்னால் உயர்ந்த சுவர், கல் ஒட்டிய தூண், பெரிய கண்ணாடி. பிரதான வீதியில் இப்போது எழும்புகிற புதுவீடுகள் பலவும் அப்படித்தான் இருக்கின்றன. அவள் ஆசைப்படுவதில் பிழை இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குப் பின்னால் கூரைத் தண்ணீர் முழுவதும் ஒரு பீலிக்குள் விழவேண்டும். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒன்பதாயிரம் லீற்றருக்கு மேல் தண்ணீர். மாரியில் ஓர் இரவுக்கு அது அதிசயமான மழை அல்ல. நாலு மாவிலை விழுந்து பீலியை அடைத்தால் அவ்வளவும் சுவருக்குள் இறங்கும். இப்போதுள்ள கூரையில் அந்தத் தொல்லை இல்லை. தண்ணீர் தானே ஓடி முற்றத்து மணலில் விழுந்துவிடுகிறது.

1978 நவம்பர் 23 உனக்கு மறந்திருக்காது. அந்த ஓர் இரவுச் சூறாவளியில் எங்கள் பழைய வீட்டின் ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போன சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அதற்குப் பிறகு அப்பா கட்டிய வீடு இது. கூரை மரத்தை இரும்புப் பட்டியால் சுவரோடு சேர்த்துக் கட்டவைத்தார். அந்தக் கூரையை மறைத்து ஒரு சுவர் எழுப்ப எனக்கு மனம் வரவில்லை.

பார், முகப்பைப் பற்றியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நான் சொல்லவந்தது வேறு. எங்கள் வீடு வாவிப் பக்கம், மேற்கே பார்த்து நிற்கிறது. கடல் முதுகுப்பக்கம். உப்புக்காற்றையும் வாடைக்காற்று கொண்டுவரும் மழையையும் வாங்குவது பின்சுவர், அதாவது குசினிச் சுவர். முந்தாநாள் குசினி யன்னலுக்கு மேலுள்ள கொங்கிறீற்றுத் தட்டில் ஒரு வெடிப்பைக் கண்டு திறப்பால் மெல்லக் கிண்டினேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு, காய்ந்த புண்ணின் பொருக்குப் போல அப்படியே கழன்று கையில் வந்தது. உள்ளே கம்பி கறள் பிடித்து, அடுக்கடுக்காக உரிந்து, சுருட்டு இலை போல் ஊதியிருந்தது. இந்தத் தட்டு அப்பா காலத்தது அல்ல. பிறகு நாங்கள் ஒருவரைப் பிடித்துப் போட்டது. கடற்கரைப் பக்கத்து மணலைக் கழுவாமல் கலந்திருக்கிறார். கம்பிக்கு மேல் அரை அங்குலச் சீமெந்துகூட இல்லை. உப்பு உள்ளே போனால் கம்பி கறள் பிடிக்கும். கறள் இரும்பைவிடக் கூடுதலான இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கொங்கிறீற்றை வெடிக்கச் செய்யும். கடலுக்கு இவ்வளவு கிட்ட இரண்டு அங்குலமாவது கம்பியை மூடியிருக்கவேண்டும் என்று மேசன் தம்பி இப்போது சொல்கிறார். அவர் நல்ல வேலைக்காரர், அவரை நம்புகிறேன்.

ஆகவே என் யோசனை இது: முன்பக்கத்துக்கு என்று வைத்த காசைப் பின்பக்கத்துக்குத் திருப்புவது. அந்தத் தட்டை இடித்து எடுத்துவிட்டு, ஓட்டுக் கூரையையே குசினிப் பக்கம் நாலு அடி வெளியே இழுத்தால் என்ன? கொங்கிறீற்றும் வேண்டாம், கம்பியும் வேண்டாம், சுவரும் நனையாது. ஜெஃப்ரி பாவாவின் லுணுகங்கா தோட்டவீட்டுக்கு நீ என்னைக் கூட்டிப்போனாயே, பெந்தோட்டையில். அன்று நல்ல மழை. தாழ்ந்து இறங்கிய கூரையின் கீழ் நின்றோம், ஒரு துளி மேலே படவில்லை. உலகம் அறிந்த கட்டடக் கலைஞர் எங்கள் பழைய விறாந்தையை அல்லவா பெரிதாக்கி வைத்திருக்கிறார் என்று நான் சொன்னேன், நீ தலையாட்டினாய். அதே நினைவில்தான் கேட்கிறேன். நாலு அடி இழுத்தால் சாய்வு மிகத் தாழ்ந்து குசினி இருட்டாகிவிடுமா? நடுவில் இரண்டு கண்ணாடி ஓடு போட்டால் போதுமா? தூண் நிறுத்தவேண்டுமென்றால் முதிரை மரம் கொஞ்சம் இருக்கிறது.

முன்பக்கத்துக்கு வெள்ளைப் பூச்சும், விறாந்தைத் தரையைத் திருத்துவதும் போதும் என்று நினைக்கிறேன். இன்னும் ஏதாவது செய்யலாம் என்றால் நீயே சொல்.

இனி குசினி உள்ளே. வீட்டின் அக்கினி மூலையில் இருக்கிறது, அதை மாற்றப்போவதில்லை. மேற்குப் பக்கமிருந்து கச்சான் காற்று வீசும் இந்த மாதங்களில் புகை முழுவதும் பின்வளவுக்குப் போய்விடுகிறது. முன்னோர் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். விறகடுப்பை இடிக்கச் சொல்கிறாள் மகள். அதற்கு மட்டும் நான் சம்மதிக்கவில்லை. 2022 இல் காஸ் இல்லாமல் வெறும் சிலிண்டரோடு தெருவில் வரிசையாக நின்றபோது எங்களுக்குச் சோறு போட்டது அந்த அடுப்புத்தான். அதை இழுத்த கூரையின் கீழ் வெளியே வைத்து, ஒரு நல்ல புகைக்கூடும் கட்டிவிடலாம். பக்கத்தில் மீன் வெட்ட ஒரு தொட்டியும் குழாயும் வேண்டும். வாவி நண்டு கழுவிய தண்ணீர் குசினிக்குள் நிற்கக் கூடாது, வாழைக்குப் போகட்டும்.

காஸ் அடுப்பு உள்ளே, சிலிண்டர் சுவருக்கு வெளியே. காஸ் காற்றைவிடப் பாரமானது, கசிந்தால் தரையில் தேங்கும். எனவே யன்னல் இருந்தால் போதாது, தரைமட்டத்திலும் ஒரு காற்றுத் துவாரம் வேண்டும் என்று நீ எப்போதோ சொன்னதை மேசன் தம்பியிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அலுமாரிகளுக்கு மரத்தூள் பலகை வேண்டவே வேண்டாம். அயல்வீட்டில் இரண்டு மாரியில் அது ஈரத்துக்கு ஊதிக் கதவு மூடமுடியாமல் போனது. அலுமினியம் போடுகிறேன்.

இப்போது உன்னால் மட்டும் தீர்க்கக்கூடிய ஒரு விஷயம். சமையல் மேடை முழங்கைக்கு நாலு அங்குலம் கீழே இருந்தால் தோள் நோகாது என்று நீ எழுதியிருந்தாய். என்னை அளந்தேன், முழங்கை 37 அங்குலத்தில். எனவே மேடை 33 என்று மேசன் தம்பியிடம் சொல்லியும்விட்டேன். இரவு படுத்திருக்கும்போதுதான் உறைத்தது, இது இனி என் குசினி அல்ல. காலையில் மகளைச் சுவரோடு நிறுத்தி அளந்தேன். அவளுக்கு 40. என் மேடையில் அவள் நின்றால் வாழ்நாள் முழுவதும் மூன்று அங்குலம் குனியவேண்டும். அப்பா இந்த வீட்டைக் கட்டும்போது அம்மாவை அளக்கவில்லை, என்னையும் அளக்கவில்லை. இப்போதுள்ள மேடை ஒரு மேசன் நின்ற உயரத்துக்குக் கட்டியது. நாற்பது வருடமாக அதில் கையைத் தூக்கித்தான் கறிக்கு வெட்டியிருக்கிறேன்.

உள்மேடையை அவளுக்கு 36 இல் கட்டி, வெளியே விறகடுப்புப் பக்கம் எனக்கு 33 இல் ஒரு சின்ன மேடை, அதன் அருகே திருவலையில் இருந்து தேங்காய் துருவ ஒரு தாழ்ந்த திண்ணை. சரிவருமா? இரண்டு மேடைக்கும் நடுவில் உள்ள சுவரில் ஒரு யன்னல் வைத்தால் ஆளுக்காள் சாமான் கொடுத்து வாங்கலாம். பேசிக்கொண்டும் இருக்கலாம்.

கட்டம் போட்ட கொப்பித் தாளில் அளவுகளைக் கீறி இத்துடன் வைத்திருக்கிறேன், ஒரு கட்டம் ஓர் அடி. ஐப்பசிக்கு முன் ஓட்டு வேலை முடியவேண்டும், மழை தொடங்கினால் கூரையைத் திறக்க முடியாது. உன் முழங்கால் இடம்கொடுத்தால் உதயதேவி ரயிலில் ஏறி வா. பின்னறை யன்னலோரக் கட்டில் உனக்கு. வரமுடியாவிட்டால் அந்தத் தாளிலேயே சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்பு. 33, 36 இரண்டையும் வட்டமிட்டிருக்கிறேன். முதலில் அதைப் பார்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழி