குடும்பப் படங்களைப் பெயர்களோடு கரைசேர்த்தவர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம். பருத்தித்துறையில் தொடங்கி கொழும்பு, இலண்டன், ரொறன்ரோ எனப் பரந்துவிட்ட எங்கள் குடும்பத்தின் ஒளிப்படத் தொகுப்பு, பழைய கணினியில் இருந்த டிஜிகாம் என்ற ஒளிப்பட மேலாண்மை மென்பொருளின் 5-ஆம் பதிப்பிலிருந்து லினக்ஸ் கணினியில் நிறுவிய 8-ஆம் பதிப்புக்கு முழுமையாக வந்து சேர்ந்துவிட்டது. படங்களைப் படியெடுப்பது எளிது. அவற்றில் நிற்பவர் யார், ஊர் எது, ஆண்டு எது என்று பல கைகள் எழுதிவைத்த குறிப்புகளைக் குலையாமல் கொண்டுவருவதே பெரும் வேலை. அந்த வேலையில் தோள் கொடுத்தவர்களுக்கு இம்மடல்.

டிஜிகாமைத் தொடங்கிய ரெஞ்சி ராஜுவுக்கும், நெடுங்காலமாக அதை வழிநடத்தும் ஜில் கோலியேவுக்கும், அவர்களோடு ஊதியமின்றி உழைக்கும் கேடிஈ என்ற கட்டற்ற மென்பொருள் குழுமத்தின் தன்னார்வலர்களுக்கும் முதல் நன்றி. எங்கள் பெயர்க்குறிப்புகள் படக்கோப்புகளுக்குள் இல்லாமல் டிஜிகாமின் தரவுத்தளத்தில் மட்டுமே இருந்தன. புதிய பதிப்பு அத்தரவுத்தளத்தைத் திறக்கும்போதே தன் அமைப்புக்கு மாற்றிக்கொள்ளும்; பிறகு பழைய பதிப்பு அதை ஏற்காது. ஆகவே தரவுத்தளத்தை முதலில் தனியே படியெடுத்து வையுங்கள், பின்னர் பழைய பதிப்பிலேயே எல்லாக் குறிப்புகளையும் படக்கோப்புகளுக்குள் எழுதுங்கள் என்று சொல்லி, எழுதி முடியும்வரை தொலைபேசியில் துணை நின்ற கொழும்பு நண்பருக்கு நாங்கள் மிகவும் கடமைப்பட்டிருக்கிறோம். இனி எந்த மென்பொருள் மாறினாலும் பெயர் படத்தோடே செல்லும்.

எங்களை மிகவும் கலங்கவைத்தவை பழைய தமிழ்க் குறிப்புகள். ஒருங்குறி (யூனிகோட்) பரவுவதற்கு முன், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் சித்தப்பா தட்டச்சுச் செய்தவை, புதிய கணினியில் ஆங்கில எழுத்துகளாகவும் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் அரைப்புள்ளியாகவும் தெரிந்தன. எழுத்தை எழுத்தால் மாற்றினால் மட்டும் போதாது: பாமினியில் ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் மெய்க்கு முன்னால் பதிவாகும், ஒருங்குறியில் மெய்க்குப் பின்னால் பதிவாகும். இதையெல்லாம் கருத்தில் கொண்டு ஒரு மாற்றியை எழுதித் தந்ததோடு, ஆங்கிலத்திலேயே எழுதப்பட்ட குறிப்புகளை அது தொட்டுவிடாதபடி பிரித்தும் கொடுத்த மருமகனின் பொறுமை அரிது. குறிப்புகளை வெளியே எடுக்கவும் திருத்தித் திரும்ப எழுதவும் உதவிய எக்சிஃப்டூல் என்ற கருவியை உருவாக்கிய பில் ஹார்விக்கும் எங்கள் வணக்கம்.

கோப்புப் பெயர்களில் இன்னொரு சிக்கல் ஒளிந்திருந்தது. 'கொழும்பு' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் எழுதலாம். பழைய கணினியின் கோப்பு முறைமை அவற்றை இரண்டாகப் பிரித்தே வைத்திருந்தது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கோ வெவ்வேறு பெயர்கள். கொழும்பு, கோப்பாய், கோண்டாவில் என்று பெயரிட்ட படங்களைத் தேடினால் அகப்படாததன் காரணத்தைக் கண்டுபிடித்து, பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ரொறன்ரோ மச்சாள். அவருடைய கூர்மையை இங்கே பதிவு செய்யாமல் இருக்க முடியவில்லை.

வருடிய (ஸ்கேன் செய்த) பழைய படங்களுக்கெல்லாம் வருடிய நாளே எடுத்த நாளாகப் பதிந்திருந்தது. அப்பப்பா ஹாட்லிக் கல்லூரி வாசலில் நிற்கும் படம் காலவரிசையில் பேரப்பிள்ளைகளின் பிறந்தநாள் படங்களுக்கு நடுவே வந்ததை எங்களால் பொறுக்க முடியவில்லை. படங்களின் பின்புறத்து ஸ்டூடியோ முத்திரைகளையும் தம் நினைவையும் கொண்டு ஆண்டுகளைச் சொன்ன சின்னம்மாவுக்கு, இந்த அகவையிலும் சலிக்காமல் எங்களோடு திரைமுன் அமர்ந்ததற்காக, எங்கள் அனைவரின் அன்பும் நன்றியும்.

தொகுப்பின் முழுப் படிகள் இப்போது இலண்டனிலும் கொழும்பிலும் இருக்கின்றன. பெயர் தெரியாத முகங்கள் சில இன்னும் எஞ்சியுள்ளன. அவற்றைத் தனித் தொகுதியாக்கி அல்வாய், கரவெட்டி உறவுகளுக்கு அனுப்பவிருக்கிறோம். அடையாளம் தெரிந்தவர்கள் தயவுசெய்து பெயரை முழுமையாக, ஒருங்குறியில் எழுதி அனுப்புங்கள்.

நன்றியுடன்,
பருத்தித்துறை வீட்டுப் பேரப்பிள்ளைகள்