பாப்பாவுக்கு, மிளகுப் பையோடு

தாண்டிக்குடி
பங்குனி 14, ராத்திரி

அன்புள்ள பாப்பா,

மிளகு மூன்று கிலோ வைத்திருக்கிறேன். அம்மா எலுமிச்சை ஊறுகாய் கொடுத்திருக்கிறாள், பாட்டிலைச் சாய்க்காமல் எடு. இந்தக் கடிதம் மிளகுப் பைக்கு அடியில் இருக்கும். போனில் சொன்னால் போதாதா என்று கேட்பாய். போனில் பேசினால் "சரிப்பா, சாப்ட்டேன்ப்பா" என்று முடித்துவிடுகிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுகிறாய். கட்டை விரலுக்கு என்ன பதில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தைக்கு அப்புறம் நீ காப்பி வீடியோ எதுவும் போடவில்லை. பழத்தோல் உரிக்கிற பல்பர் மெஷின் கொட்டகைக்கு மேலே இருக்கிற பாறையில்தான் சிக்னல் நிற்கிறது. தினமும் சாயந்திரம் ஏறிப் பார்க்கிறேன். காட்டுமாடு இறங்குகிற நேரத்தில் அங்கே என்ன வேலை என்று அம்மா கீழே இருந்து சத்தம் போடுவாள். உன் சேனல் பக்கத்தில் மேலே நிற்பது இன்னும் அந்த மஞ்சள் துப்பட்டா வீடியோதான். யாராவது கேட்டால், பாப்பாவுக்கு ஆர்டர் அதிகம், நேரமில்லை என்று சொல்லிவைத்திருக்கிறேன். அம்மா தம்பியிடம் விசாரித்தாளாம். "அக்காவுக்கு ஐடியா தீர்ந்துபோச்சும்மா, என்ன வீடியோ எடுக்கிறதுன்னு தெரியலையாம்" என்றானாம்.

சரி, ஐடியாதானே. நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, ராத்திரி ராத்திரி உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பாவுக்கு என்ன தெரியும் என்று நினைக்காதே. இந்த மலையில் உன் வீடியோவை என் அளவுக்குப் பார்த்தவன் வேறு எவனும் இல்லை.

முதலில் ஒன்று. உனக்கு வருகிற கேள்வியிலேயே நூறு வீடியோ கிடக்கிறது. போன தீபாவளிக்கு வந்தபோது பார்சல் கட்டிக்கொண்டே படித்துக் காட்டினாயே. "பில்டர்ல தண்ணி இறங்கவே மாட்டேங்குது." "தூளை பிரிட்ஜில வைக்கலாமா?" "மலைக்காப்பி புளிக்குமாமே, நிஜமா?" அம்மாவும் நீயும் சிரித்தீர்கள். எனக்கு அப்போதே தோன்றியது, சொல்லாமல் விட்டேன். ஒரு கேள்விக்கு ஒரு வீடியோ போதும். கேட்டவர் எழுதின வார்த்தையிலேயே ஆரம்பி, நீ திருத்தாதே. ஒரு வீட்டில் தண்ணி இறங்கவில்லை என்றால் அதே தொல்லை நூறு வீட்டு அடுப்படியில் இருக்கும். தூளை மாவு மாதிரி அரைத்திருப்பார்கள், இல்லை கரண்டியால் அமுக்கித் திணித்திருப்பார்கள். அதை வாயால் விளக்க வேண்டாம். நீயே ஒரு பில்டரை அடைக்க வைத்து, பக்கத்தில் இறங்குகிற பில்டரையும் வைத்துக் காட்டு. முதல் மூன்று விநாடிக்குள் ஆளை நிறுத்த வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தாய். அடைத்துக்கொண்ட பில்டரைப் பார்த்தால் நிற்காத பொம்பளை தமிழ்நாட்டில் உண்டா?

வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்காதே. இதை நான் பலமுறை சொல்லியாகிவிட்டது. கடைசியாகப் போட்டதிலும் ஜன்னலை முதுகுக்குப் பின்னால் விட்டிருக்கிறாய். முகம் கறுத்துத் தெரிகிறது. இளைத்தும் தெரிகிறது.

அப்புறம் தராசு. விலை ஏன் இவ்வளவு என்று வாரத்துக்கு இரண்டு பேராவது கேட்கிறார்கள், நீ பாவம் ஒவ்வொருத்தருக்கும் நீளமாக எழுதுகிறாய். தராசை வைத்து ஆறு கிலோ பழத்தைக் கொட்டு. தோல், சளி, ஓடு எல்லாம் போனால் ஏறக்குறைய ஒரு கிலோ பருப்பு. அதை வறுத்து மறுபடி தராசில் வை. 150 கிராமோ 200 கிராமோ குறைந்திருக்கும். பேசவே வேண்டாம். முள் இறங்குவதைக் காட்டினால் போதும். பறிகூலியைக் கடைசியில் எழுதிப் போடு.

பூ மழை போன வாரம் விழுந்தது. மழை விழுந்து எட்டு, ஒன்பது நாளில் பூக்கும், மூன்று நாள்தான் நிற்கும், உனக்குத் தெரியாததா. இந்த மூன்று நாளுக்கும் நீ இங்கே இருந்தால் ஆவணி வரைக்கும் போட வீடியோ கிடைக்கும். நீ செய்கிற தப்பு ஒன்று உண்டு. கார்த்திகை, மார்கழியில் பறிக்கும்போது எடுத்ததையெல்லாம் அந்த மாசமே போட்டுத் தீர்த்துவிடுகிறாய். சித்திரையில் கை காலியாகிவிடுகிறது. விதை நெல்லையா பொங்கித் தின்பார்கள்? பூவை இப்போது எடுத்து வை. அதே செடியை, அதே இடத்தில் நின்று, பிஞ்சில் ஒரு தரம், காயில் ஒரு தரம், பழத்தில் ஒரு தரம் எடு. கடைசியில் ஒட்டிப் போட்டால் ஒரு வருஷம் ஒரு நிமிஷத்தில் ஓடும். நான் பாறைக்குப் பக்கத்துச் செடியில் சிவப்புத் துணி கட்டி வைத்திருக்கிறேன். நீ வராவிட்டால் நானே என் போனில் எடுப்பேன். நன்றாக வராது.

வராவிட்டால் என்று எழுதிவிட்டேன். திருவிழாவுக்கே வரவில்லை. அம்மா உனக்காக எடுத்து வைத்த மலைவாழைச் சீப்பு கறுத்துப்போய் மாட்டுக்குப் போட்டோம். அதுவும் ஒரு ஐடியாதான், எழுதிக்கொள். பழனி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். அதில் போடுகிற விருப்பாட்சி வாழை காப்பிச் செடிக்கு நடுவில்தான் நிற்கிறது என்று கீழே இருக்கிறவர்களுக்குத் தெரியுமா? தாத்தா காலத்தில் முடிக்கொத்து நோய் வந்து மலைவாழை அழிந்த கதையைப் பெரியப்பாவைப் பேசவிட்டு எடு. அவர் ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார், நீ வெட்டிக்கொள். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தார், அதனால் தாண்டிக்குடி என்று ஊரில் சொல்வார்களே, அதையும் ஒரு நாள் போடு. காப்பி விற்காத வீடியோவும் நடுநடுவே வேண்டும். எல்லாவற்றிலும் "ஆர்டர் பண்ணுங்க" என்று முடித்தால் கேட்கிறவனுக்குச் சலிப்பு வராதா? மற்ற சேனல்காரர்கள் பாதிப் பேர் அப்படித்தான் கத்துகிறார்கள். "வணக்கம் மக்களே" என்று ஒருத்தன் ஆரம்பித்தால் நான் தள்ளிவிடுகிறேன்.

போன மாசம் வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் உர மூட்டையோடு நின்றேன். ஒரு பெண், கையில் குழந்தை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிட்டே வந்து, "நீங்க அந்தக் காப்பிக்கார அக்காவோட அப்பாதானே, களத்துல பல்லாங்குழி ஆடினீங்களே" என்று கேட்டாள். குழந்தையைக் கும்பிடச் சொன்னாள். எனக்கு உர மூட்டையை எங்கே இறக்குவது என்று தெரியவில்லை. சித்தரேவு தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

உன்னிடம் தைரியத்துக்குக் குறைவில்லை என்பது 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தபோதே தெரியும். இரண்டு நாள் சோறு வேண்டாம் என்றாய். மூன்றாம் நாள் மாட்டுக் கொட்டகையில் நின்று புதுசாக ஒன்றாம் நம்பர் வீடியோ எடுத்தாய். அதனால்தான் ஐடியா தீர்ந்தது என்று தம்பி சொன்னதை என்னால் முழுசாக நம்ப முடியவில்லை. வேளைக்குச் சாப்பிடு.

நோட்டில் அடுத்ததாக, "சிக்கரி வீடியோ மாதிரி இன்னொன்று" என்று எழுதினேன். அதோடு மூன்று நாளாக எழுத ஓடவில்லை.

அந்த வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று உனக்குத் தெரியும். கலவைத் தூளில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது, சிக்கரி எவ்வளவு என்று மேலட்டையில் போட வேண்டும் என்று டப்பாவைத் திருப்பித் திருப்பிக் காட்டினாய். அப்புறம் நம் களத்தில் இறங்கி நின்று, இரண்டு கையாலும் கொட்டையை அள்ளி, "நாங்க எதையும் கலக்குறதில்லைங்க. ஒரே தோட்டம், எங்கப்பா தோட்டம்" என்று சொன்னாய். நான்தான் போனைப் பிடித்திருந்தேன். "கை நடுங்குதுப்பா, நேராப் பிடி" என்றாய். வயசாச்சு என்றேன்.

நீ அள்ளினது நம் கொட்டை இல்லை, பாப்பா.

கொஞ்சம் பின்னாலிருந்து சொல்கிறேன். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து நம் மேல்காட்டில் சில்வர் ஓக் சாய்ந்தது நினைவிருக்கும். சாய்ந்ததை எடுக்க வந்த வியாபாரி நிற்கிற மரத்துக்கும் ஒரு விலை சொன்னான். அம்மா வேண்டாம் என்றாள். மேட்டு வீட்டுக் கடன் கணக்கை முடித்துவிடலாம் என்று முப்பது மரத்தைக் கொடுத்துவிட்டேன். நிழல் போயிற்று. தண்டுத் துளைப்பான் பூச்சி வெயில் விழுகிற செடியைத்தான் தேடி வரும். அதை ஊருக்கே சொல்லிக்கொண்டிருந்தவன் நான். மூன்று வருஷத்தில் செடி செடியாக இலை மஞ்சளடித்துத் தொங்கியது. தண்டைத் தடவினால் வளையம் வளையமாகத் தடிப்பு. 400 செடிக்கு மேல் பிடுங்கி எரித்தோம். புதுக் கன்று வைக்கப் பிடுங்குகிறேன் என்று உன்னிடம் சொன்னேன்.

நீ அப்போதுதான் வறுக்கிற மெஷினுக்கு லோன் போட்டிருந்தாய். மாசம் இத்தனை கிலோ வேண்டும் என்று கணக்கு எழுதி அனுப்பியிருந்தாய். என் கையில் அதில் பாதிதான் இருந்தது. எதிர்மலையில் ஒருத்தரிடம் ஆறு மூட்டை வாங்கினேன். அரபிகாதான், நல்ல கொட்டைதான், ஈரம் கட்டியிருந்ததால் களத்தில் பரப்பிக் காயவைத்தேன். அந்த வாரம்தான் நீ டப்பாவோடு வந்து இறங்கினாய். அடுத்த வருஷமும் வாங்கினேன். வாங்கின விலைக்கே உன் கணக்கில் எழுதினேன், ஒரு ரூபாய் வைக்கவில்லை. எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானம் அதுதான். "இந்த மூட்டை மட்டும் ஏன்ப்பா சீக்கிரம் கறுக்குது?" என்று ஒரு தரம் கேட்டாய். மழை வருஷம் என்றேன். நீ உன் மெஷினைச் சந்தேகப்பட்டு ஆள் கூப்பிட்டுக் காசு கொடுத்துப் பார்த்தாய். அன்றைக்காவது சொல்லியிருக்க வேண்டும்.

பொங்கலுக்கு வந்தபோது சாக்கு எடுக்கக் கிட்டங்கிக்குள் போனாய். அரைமணி நேரம் வெளியே வரவில்லை. மூலையில் இருந்த மூட்டைகளில் சாக்பீஸில் போட்டிருக்கிற எண் என் கையெழுத்து இல்லை. என் ஏழுக்கு நடுவில் ஒரு கோடு இருக்கும், சின்னப் பிள்ளையில் நீதான் அதைக் கேலி செய்வாய். வெளியே வந்து, "சாக்கு கிடைக்கலப்பா" என்றாய். மறுநாள் முதல் வண்டிக்கே கிளம்பினாய். அன்றிலிருந்து வீடியோ இல்லை.

பார்த்தாயோ, பார்க்கவில்லையோ. பார்த்திருந்தால், அந்தக் களத்தில் இனிமேல் எப்படி நின்று பேசுவது என்று உனக்குத் தோன்றியிருக்கும். ஐடியா எங்கிருந்து வரும்? பார்க்கவில்லை என்றால் இப்போது நானே சொல்லிவிட்டேன். அம்மாவுக்கு மரம் விற்றது தெரியும், மூட்டை விஷயம் தெரியாது. கடிதம் முடித்ததும் அவளிடமும் சொல்லப்போகிறேன்.

நோட்டில் கடைசிப் பக்கத்தில் ஒரு வீடியோ எழுதியிருக்கிறேன். மேல்காட்டில் பிடுங்கின இடத்தில் நான் நிற்கிறேன். எரித்த குழி இன்னும் தெரிகிறது. எத்தனை மரம் விற்றேன், எத்தனை செடி போனது, எத்தனை மூட்டை வெளியில் வாங்கினேன் என்று நானே சொல்கிறேன். நீ வரவே வேண்டாம் அந்தப் படத்துக்குள், போனை மட்டும் பிடி. போன ஆடியில் நிழலுக்கு முள்முருங்கைப் போத்து 60 ஊன்றினேன், 41 பிடித்திருக்கிறது, அதையும் காட்டலாம். வாங்குகிறவர்கள் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்று பயமாகத்தான் இருக்கிறது. லோன் உன் பெயரில் இருக்கிறது. போடுவதும் போடாததும் நீ முடிவு செய். போடவில்லை என்றாலும் பையில் "ஒரே தோட்டம்" என்று அச்சடித்ததை இனி ஒட்டாதே, அந்தச் செலவை நான் கொடுக்கிறேன். கேமரா முன்னால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று மட்டும் சொல்லிக் கொடு.

மிச்சம் இரண்டு மூட்டை கிட்டங்கியில் அப்படியே இருக்கிறது. கட்டை அவிழ்க்கவில்லை, எண்ணையும் அழிக்கவில்லை. பூ அநேகமாகச் செவ்வாய்க்கிழமை விரியும். பெரும்பாறைக்கு மேலே ரோடு வேலை நடக்கிறதாம், வண்டி தாமதமாகத்தான் வரும், நான் டார்ச்சோடு ஸ்டாப்பில் நிற்கிறேன். வேளைக்குச் சாப்பிடு.

அப்பா